வழித்துணை

மனிதனுக்குரிய உரிமைகள் பல. அவற்றுள் மிக எளியது எது என்று வினவினால், வண்டியேறி வேண்டிய இடத்திற்குச் செல்லும் உரிமையே என்று கூறலாம். உரிய கட்டணத்தைக் கொடுத்தவன் ஏறி அமர்கிறான்; தன் ஊர் வந்ததும் இறங்கிச் செல்கிறான். இதனை ஓர் உரிமை என்று நினைத்துப் பார்ப்பவரும் அரியர். மூச்சு விடுவதை எவரேனும் உரிமை என்று எண்ணுவரோ? தடை நேரும்போதுதான் அதன் அருமை புலனாகும். அத்தகைய தடையை நாள்தோறும் கண்டவர்கள் வழிகாட்டி நாயின் துணையுடன் பயணம் செய்யும் பார்வையற்றோர். அவர்களுடைய உரிமையைப் பற்றியே இங்கே சில கருத்துகளைக் கூற விரும்புகின்றேன்.

முதலில் ஒரு வரலாற்றைக் கேளுங்கள். அமெரிக்க நாட்டில், டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த நாஷ்வில் நகரில் மாரிஸ் பிராங்கு என்னும் இளைஞர் வாழ்ந்து வந்தார். ஆறு வயதில் குதிரையின்மேல் சென்றபோது மரக்கிளை தாக்கி ஒரு கண்ணை இழந்தார். பதினாறாம் வயதில் குத்துச்சண்டையில் மற்றொரு கண்ணும் போயிற்று. எனினும் அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. கல்வி கற்றார், காப்புறுதிப் பத்திரங்களை விற்றுப் பொருள் ஈட்டினார். ஆயின், தெருவில் இறங்கி நடப்பதற்குக் கூலிக்கு ஒரு பையனை அமர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பையன் வந்தால் நடை, வாராவிடில் வீடு. தம் கால்கள் பிறர் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டிருப்பதை அவரால் பொறுக்க இயலவில்லை.

1927 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவருடைய தந்தையார் ஒரு வார இதழில் வெளிவந்த கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்து வந்த டாரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்க அம்மையார் எழுதிய கட்டுரை அது. முதல் உலகப்போரில் கண்ணிழந்த போர்வீரர்களுக்கு வழிகாட்ட ஜெர்மனியில் நாய்களைப் பழக்குகின்றனர் என்னும் செய்தியை அவ்வம்மையார் அதில் விரித்துரைத்திருந்தார். ஓல்டன்பர்க் நகரில் 1916 இல் முதற்பள்ளி தோன்றியது. மருத்துவர் ஸ்டாலிங் என்பவர் கண்ணிழந்த வீரர் ஒருவரைத் தம் நாயின் அருகே சற்று நேரம் விட்டுச் சென்றதாகவும், திரும்பி வந்து பார்க்கையில் அந்நாய் அவ்வீரரைக் கருத்துடன் காத்து நின்றதாகவும், அதனின்றே இவ்வெண்ணம் பிறந்ததாகவும் கூறுவர். பின்னர்ப் பாட்ஸ்டாம் நகரிலும் ஒரு பள்ளி எழுந்தது. அதனைக் கண்டுவந்தே யூஸ்டிஸ் அம்மையார் எழுதினார்.

பிராங்கு உடனே அம்மையாருக்கு மடல் விடுத்தார். தமக்கு ஒரு நாய் வேண்டும் என்றதோடு அவர் நின்றாரில்லை. தம்மைப் போன்ற பிறர்க்கும் அப்பயன் கிடைக்குமாறு தம் நாட்டிலேயே பள்ளி ஒன்று நிறுவ வேண்டும் என்றும் எழுதினார். அம்மையார் அவரைச் சுவிட்சர்லாந்திற்கு அழைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1928 இல் பிராங்கு கடல் கடந்து சென்ற விதம் யாது? ஒரு பொதியைப் போல அவரை ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் ஒப்படைத்து அனுப்பினர். இங்கே பெற்றுக்கொண்டு அங்கே ஒப்படைப்பதற்குரிய ஒரு சரக்காகவே அவர் சென்றார். இருபது வயது நிரம்பிய, தாமே பொருள் ஈட்டும் இளைஞர் ஒருவருக்கு இதனினும் மானக்கேடு வேறு வேண்டுமோ? சுவிட்சர்லாந்தில் சில வாரங்கள் தங்கிப் பயிற்சி பெற்றார். பட்டி என்னும் பெண் நாயுடன் அவ்வாண்டு ஜூன் மாதம் நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கினார். இப்போது அவர் பொதியல்லர், பயணி. கரையில் செய்தியாளர்கள் கூடியிருந்தனர். பார வண்டிகள் இடையறாது ஓடும் மேற்குத் தெருவைக் கடந்து காட்டுமாறு அவர்கள் கேட்டனர். அவர் சேணத்தின் பிடியைப் பற்றினார். பட்டி நடந்தது, நின்றது, பின்வாங்கியது, மீண்டும் நடந்தது. எதிர்ப்புறம் சேர்ந்த பிராங்கு யூஸ்டிஸ் அம்மையாருக்குத் தந்தி அனுப்பினார். அதில் இருந்தது ஒரே சொல்: வெற்றி.

தெருவைக் கடந்தாயிற்று. ஆனால் இரயில் வண்டியில் ஏற இயலவில்லை! நாய்களைச் சாமான் வண்டியில்தான் ஏற்ற வேண்டும் என்பது அந்நாளைய விதி. பிராங்கு ஒரு பெட்டியில் அமர வேண்டும். பட்டி பெட்டிகளோடும் மூட்டைகளோடும் கட்டுண்டு கிடக்க வேண்டும். விதியை எழுதியவர்கள் கொடியவர் அல்லர். வேட்டை நாயையும் வீட்டு நாயையும் மனத்திற்கொண்டு அவர்கள் எழுதினர். பயணியின் கண்ணாகவே வரும் நாய் ஒன்று உண்டு என்பதை அவர்கள் அறியார். மூக்குக்கண்ணாடி அணிந்தவரைப் பார்த்து, "ஐயா, தாங்கள் அமரலாம், ஆனால் கண்ணாடியைக் கழற்றிச் சாமான் வண்டியில் வைத்துவிடுங்கள்" என்று யாரேனும் கூறினால் நாம் நகைக்க மாட்டோமா? பிராங்குக்கு நேர்ந்தது அதுவே. ஆனால் அவருக்கு நகை வரவில்லை.

அவர் மனம் தளரவில்லை. 1929 ஆம் ஆண்டு ஜனவரியில் நாஷ்வில் நகரில் 'காணும் கண்' என்னும் பொருளுடைய பெயரில் பள்ளி தோன்றியது. பள்ளிக்கு உழைத்துக்கொண்டே அவர் இரயில் நிறுவனங்களை ஒவ்வொன்றாக அணுகினார், பேசினார், பட்டியைக் காட்டினார். 1935 ஆம் ஆண்டிற்குள் அந்நாட்டு இரயில்வேக்கள் அனைத்தும் வழிகாட்டி நாய் தன் உரிமையாளருடனேயே அமர்ந்து செல்ல இசைந்தன. விடுதிகளின் கதவுகளும் மெல்ல மெல்லத் திறந்தன. 1956 அளவில் எல்லா மாநிலங்களும் இதனைச் சட்டமாகவே இயற்றிவிட்டன. ஓர் இளைஞர் கரையிறங்கிய நாளுக்கும் இந்நிலைக்கும் இடையே கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகள். இவ்வளவு எளிய செய்திக்கு இத்துணைக் காலமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பட்டியோ இச்சட்டங்களைக் காணவில்லை. 1938 இலேயே அது இறந்தது. அதன்பின் தமக்கு வாய்த்த நாய்களுக்கெல்லாம் பிராங்கு பட்டி என்றே பெயரிட்டார்.

இந்நாய் செய்யும் தொழில் யாது என்பதை அறியாதவர்க்கு இவ்வுரிமையின் தன்மை விளங்காது. நாய் தன் தலைவரை விரும்பிய இடத்திற்கு இழுத்துச் செல்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. செல்ல வேண்டிய வழியை அறிந்தவர் மனிதரே. "முன்னே", "இடப்புறம்", "வலப்புறம்" என்று அவர் கட்டளையிடுகிறார். பள்ளம், படி, கம்பம், எதிரே வரும் ஆள் ஆகியவற்றிற்கு விலகி நாய் அவரை நடத்திச் செல்கிறது. தன் தலைக்கு மேலே, மனிதர் தலையில் மோதும் உயரத்தில் நீண்டிருக்கும் கிளையையும் அது கணக்கிட்டு விலகுகிறது. சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பார்த்து அது தெருவைக் கடப்பதில்லை. வண்டிகளின் ஓசையைச் செவியால் உணர்ந்து, கடக்கலாம் என்று முடிவு செய்பவர் மனிதரே. ஆனால் அவர் முடிவு பிழையாயின்? விரைந்து வரும் வண்டி ஒன்றை அவர் உணராமல் "முன்னே" என்று கூறினால்? நாய் நகராது. கட்டளையை மீறி நிற்கும். கீழ்ப்படிதலைக் கற்பிப்பது எளிது. எப்போது கீழ்ப்படியலாகாது என்பதைக் கற்பிப்பதே அரிது. பள்ளிகளில் பயிலும் நாய்களுள் பல இத்தொழிலுக்குத் தகுதி பெறாமல் விலக்கப்படுவதற்கு இவ்வருமையும் ஒரு காரணமாகும். குட்டியாக இருக்கும்போது ஏறத்தாழ ஓராண்டு ஒரு குடும்பத்தில் வளர்கிறது. அங்கே கடைத்தெருவும் பேருந்தும் மாடிப்படியும் அதற்குப் பழக்கமாகின்றன. பின்பு சில மாதங்கள் பள்ளியில் பயில்கிறது. இறுதியில் மனிதரும் நாயும் சேர்ந்து பயில்கின்றனர். இவ்வாறு உருவான இருவரைப் பிரித்து, ஒருவரை மட்டும் ஏறச் சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

நாய் என்னும் சொல்லை நாம் வசைச்சொல்லாகவே வழங்கி வருகின்றோம். குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது திருந்தாது என்று பழமொழியும் சொல்லி வைத்திருக்கின்றோம். நம் தெருக்களில் வெறிநாய்க்கடிக்கு ஆளானோர் துன்பத்தைக் கண்டவர்கள் நாயை அஞ்சுவதில் வியப்பில்லை. அவ்வச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆதலின், இவ்வுரிமைக்கு எதிராகக் கூறப்படுவனவற்றைப் பொறுமையுடன் ஆராய வேண்டும்.

நாயைக் கண்டால் சிலர்க்கு அச்சம். சிலர்க்கு அதன் மயிரால் மூச்சுத் திணறல் உண்டாகிறது. சிலர் அதனைத் தூய்மையற்றது என்று கருதுகின்றனர். மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று. மூச்சுத் திணறல் நோய். அதற்கு மதிப்பளிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, வழிகாட்டி நாயுடன் வருபவரை ஏற்றிக்கொள்ள வாடகை வண்டி ஓட்டுநர் மறுத்தல் குற்றம். அதற்காக மிகுதிப் பணம் கேட்டலும் குற்றம். ஆயிரம் பவுன் வரை தண்டம் விதிக்கலாம். ஆயினும், நாயருகே இருந்தால் தமக்கு நோய் உண்டாகும் என்று மருத்துவச் சான்று காட்டி விலக்குச் சீட்டுப் பெற்ற ஓட்டுநருக்கு இக்கடமை இல்லை. இது நேரிய ஏற்பாடு. ஓட்டுநர் தம் வண்டியில் அடைபட்டு நாள் முழுதும் இருக்கிறார், அவரும் மனிதரே.

பேருந்திலும் இரயிலிலும் நிலைமை வேறு. அங்கே இடம் மாறி அமரலாம். அமெரிக்க அரசின் வழிகாட்டுக் குறிப்பு, பிறருடைய அச்சமும் ஒவ்வாமையும் நாயுடன் வருபவரை விலக்குவதற்குக் காரணமாகா என்று தெளிவாகக் கூறுகிறது. இருவரையும் தள்ளி அமரச் செய்தால் சிக்கல் தீர்ந்தது. அஞ்சுகின்றவர் வேறு பெட்டிக்குப் போகலாம். பார்வையற்றவர் தம் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுப் போக இயலுமா? தூய்மையைப் பற்றிய தடைக்கு விடை கூறுவது இன்னும் எளிது. நன்கு குளிப்பாட்டி, நோய்த்தடுப்பு ஊசியிட்டு, தரையில் அசையாது படுத்திருக்கும் அந்நாய், வண்டிக்குள் வெற்றிலை எச்சிலைத் துப்பும் பயணியைவிட எவ்வகையில் தூய்மை குறைந்தது என்று நான் அறியேன்.

இனிச் சட்டத்தின் அடிப்படையைச் சிறிது எண்ணுவோம். ஜாக்கோபஸ் டென்புரூக் என்பவர் இளமையிலேயே பார்வையிழந்தவர்; கலிபோர்னியாவில் பேராசிரியராக விளங்கியவர். அவர் 1966 இல் எழுதிய ஆய்வுரை ஒன்றின் தலைப்பு, உலகில் வாழும் உரிமை என்று பொருள்படும். தெருவும் வண்டியும் கண்ணுடையோர்க்கும் காலுடையோர்க்குமே உரியன என்பது போலவும், ஏனையோர் அங்கு வருவது எதிர்பாராத நிகழ்ச்சி போலவும் சட்டம் நடந்துகொள்ளலாகாது என்பது அவர் கருத்து. இதனை நான் முழுமனத்துடன் ஏற்கின்றேன். பார்வையற்றவரை வண்டியில் ஏற்றுவது இரக்கம் அன்று. இரக்கம் இன்று வரும். நாளை நடத்துனருக்குத் தலைவலி இருந்தால் வாராது. உரிமையோ நடத்துனரின் மனநிலையைப் பொறுத்ததன்று. மேலும், இவ்வுரிமை நாய்க்கு உரியதன்று, மனிதர்க்கு உரியது. இவ்வேறுபாட்டை உணராதவர்களே, "நாய்க்கு இத்தனைச் சிறப்பா?" என்று சினந்து கேட்கின்றனர்.

வழிகாட்டி நாய் ஒன்றே இக்காலத்தில் உதவி நாய் அன்று. செவிப்புலன் இழந்தோர்க்குக் கதவு தட்டும் ஓசையையும் அபாய மணியையும் தொட்டு உணர்த்தும் நாய்கள் உண்டு. சக்கர நாற்காலியில் செல்வோர்க்கு விழுந்த பொருளை எடுத்துத் தரும் நாய்கள் உண்டு. ஜப்பான் நாடு 2002 இல் இயற்றிய சட்டம் இம்மூவகையையும் ஏற்று, பொதுவூர்திகளிலும் பொதுவிடங்களிலும் இடம் தர வேண்டும் என்று விதித்தது. அங்கே நாய் தன் வகையைக் காட்டும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும். அதனைத் தூய்மையாக வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்றும் சட்டம் கூறுகிறது.

அமெரிக்காவின் 1990 ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியை மேற்கொண்டது. அச்சட்டத்தின் கீழ் அடையாளச் சீட்டுக் கேட்டல் கூடாது. நாயின் தேவை வெளிப்படையாகத் தெரியாதபோது இரண்டே வினாக்கள் கேட்கலாம். உடற்குறையின் காரணமாக இந்நாய் தேவைப்படுகிறதா? என்ன தொழில் செய்ய இது பயிற்சி பெற்றுள்ளது? அவ்வளவே. "உமக்கு என்ன நோய்?" என்று பலர் முன்னிலையில் கேட்பதற்கு எவர்க்கும் உரிமை இல்லை. எனக்கு இம்முறையே மேலானதாகத் தோன்றுகிறது. வண்டிப்படியில் நிற்கும் ஒருவர் தம் மருத்துவக் கதையை எல்லாம் நடத்துனருக்குச் சொல்லித்தான் ஏற வேண்டும் என்பது என்ன முறை?

ஆனால் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துவோர் எங்கும் உளர். மன ஆறுதலுக்குத் துணை என்று சொல்லிப் பலவகை உயிர்களை விமானத்தில் ஏற்ற முயன்றோர் அமெரிக்காவில் இருந்தனர். 2018 இல் நியூவார்க் விமான நிலையத்திற்கு ஒருவர் ஒரு மயிலையே கொண்டு வந்தார்! மயிலை ஏற்றவில்லை. இத்தகையோரால் விளைந்த தீங்கு யாதெனில், உண்மையாகவே நாயின் துணை வேண்டுவோரும் ஐயத்திற்கு ஆளாயினர். வீட்டு நாய்க்கு ஒரு சட்டையை வாங்கி மாட்டி உதவி நாய் என்று கூறி ஏறுகிறவர் சிறிது கட்டணம் மிச்சப்படுத்துகிறார். அந்நாய் குரைத்தாலோ கடித்தாலோ, அதன் பயனை மறுநாள் அவ்வண்டியில் ஏற வரும் பார்வையற்றவர் அனுபவிக்கிறார். 2021 ஜனவரி முதல் அந்நாட்டு விமானங்களில், பணிக்கெனப் பயிற்சி பெற்ற நாய்க்கு மட்டுமே இவ்வுரிமை உண்டு என்று விதி திருத்தப்பட்டது. நாயின் உடல்நலம், ஒழுக்கம், பயிற்சி ஆகியவற்றை உறுதி கூறும் படிவத்தையும் விமான நிறுவனம் கேட்கலாம். அடங்காத நாயை வெளியேற்றும் உரிமை ஊர்திகளை நடத்துவோர்க்கு எந்நாளும் உண்டு. அதனை எவரும் மறுக்கவில்லை.

சட்டம் இருந்தும் துன்பம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், நாயைக் கண்டதும் வாடகை வண்டிகள் நில்லாது சென்றுவிடுகின்றன என்னும் முறையீடு இன்றும் எழுகின்றது. அவ்வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் வாய்ப்பும் பார்வையற்றவர்க்கு இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். வழக்காடினால் ஆறு மாதங்களுக்குப் பின் தண்டம் விதிக்கப்படலாம். அன்று மாலை மருத்துவரைக் காண வேண்டியவர், நேர்முகத் தேர்வுக்குச் செல்ல வேண்டியவர், மழையில் சாலையோரத்தில் நின்றாரே, அந்த மாலைப்பொழுது திரும்புமோ? ஆகையால், ஓட்டுநர்க்கும் நடத்துனர்க்கும் பணியில் சேரும்போதே இதனைக் கற்பித்தல் வேண்டும் என்பது என் கருத்து. பின்னர்த் தண்டிப்பதைவிட முன்னரே அறிவிப்பது செலவும் குறைவு, பயனும் மிகுதி.

நம் நாட்டில் பார்வையற்றோர்க்குப் பெரும்பாலும் வெண்கோலே துணை. வழிகாட்டி நாயுடன் செல்பவரைக் காண்பது அரிது. வெண்கோலையே விரும்புவோர் பிற நாடுகளிலும் மிகப் பலர். எத்துணை வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டியவர் அவரவரே. அத்துணையுடன் வண்டியேற விடுவதே ஏனையோர் கடமை.

மாணவர்களே! என்றேனும் ஒருநாள் நீங்கள் செல்லும் வண்டியில், சேணம் பூண்ட நாய் ஒன்று ஒருவருடைய காலடியில் படுத்திருப்பதைக் காணலாம். அதனைத் தட்டிக்கொடுக்கவோ சீழ்க்கையடித்து அழைக்கவோ தின்பண்டம் எறியவோ வேண்டா. அது தொழில் செய்துகொண்டிருக்கிறது. அதன் கவனம் சிதறினால் விழப்போகிறவர் அதன் தலைவர். உதவி செய்ய விரும்பினால் நாயோடன்று, அவரோடு பேசுங்கள். "ஐயா, அடுத்த நிறுத்தம் எது என்று சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டும் என்றால் சொல்லுங்கள். வேண்டா என்றால் உங்கள் இடத்தில் அமருங்கள். அவர் இறங்க எழும்போது நடைவழியில் நீட்டியிருக்கும் உங்கள் காலையும் பெட்டியையும் மட்டும் சற்று உள்ளிழுத்துக்கொள்ளுங்கள்; மற்றதை அந்நாய் பார்த்துக்கொள்ளும்.